தொந்தரவு

"யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்." நம் வீடுகளில் வயதானவர்கள் இந்த வார்த்தையைச் சொல்லாத நாள் இல்லை. கோயிலில் வேண்டிக்கொள்வதும் இதுதான். மருமகளிடம் மனஸ்தாபம் வந்தால் சொல்லுவதும் இதுதான். கேட்கிறவர்கள், "பாவம், எவ்வளவு நல்ல மனசு!" என்று உருகிப் போகிறார்கள். நானும் உருகியவன்தான். என் கதைகளில் வரும் நல்ல பெரியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதைச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னதோடு நிற்காமல், இரண்டு அத்தியாயம் கழித்து, சொன்னபடியே செத்தும் போயிருக்கிறார்கள். வாசகர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

இந்த வேண்டுதல் உண்மையிலேயே நல்லதுதானா என்ற சந்தேகம் எனக்கு வந்தது 2024-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில். மலாக்கா ஜலசந்தியில் போய்க்கொண்டிருந்த ஓர் உல்லாசக் கப்பலில். அந்தச் சந்தேகம் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதை உங்கள் தலையிலும் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வாசகர்கள் சிலர் ஒரு கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். எழுத்தாளனுக்கு வெளியூர்ப் பிரயாணம் வாய்த்தால், அவன் மனைவிக்கு வாய்ப்பது வீட்டைக் காவல் காக்கும் உத்தியோகம். இருபது வருஷமாக அந்த உத்தியோகத்தைப் பார்த்துச் சலித்துப் போனவள், "இந்தத் தடவை நானும் வருகிறேன். வந்தால் கப்பலிலும் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டாள். சென்னையிலிருந்து வந்த 32 பேர் கொண்ட ஒரு சுற்றுலாக் குழுவோடு எங்களையும் சேர்த்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, அங்கிருந்து தாய்லாந்தின் புக்கெட், பிறகு மறுபடியும் சிங்கப்பூர். நாலு ராத்திரிப் பிரயாணம். கப்பல் என்று பேர்தானே தவிர, அது மிதக்கும் சிற்றூர். இரண்டாயிரத்துக்கு மேல் ஜனங்கள். கடைத்தெரு, நாடகக் கொட்டகை, நீச்சல் குளம், எந்நேரமும் எரியும் அடுப்பு.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் எங்கள் மேஜைக்கு ஒரு வயதான தம்பதி வந்து சேர்ந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். அவர் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருக்கும் ஒரே மகன், அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்காகப் பணம் கட்டி அனுப்பியிருந்தான். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். தண்ணீர்ப் பாட்டிலின் விலையைக் கேட்டு, அதை ரூபாயாக்கிப் பார்த்து, எழுதிக்கொண்டு, வாங்காமல் வைத்துவிட்டார். "இங்கே டாக்டரை எட்டிப் பார்த்தாலே நூறு டாலராம் தம்பி. அதனால ஒருத்தரும் தும்மப்படாது" என்று அவர் சொல்ல, மேஜையே சிரித்தது.

அன்று ராத்திரி ஒரு மணி சுமாருக்கு அவருக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்திருக்கிறது. வியர்த்திருக்கிறது. எழுந்து, விளக்கைப் போட்டால் மனைவி விழித்துக்கொள்ளுவாள் என்று இருட்டிலேயே நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாள் புரண்டு படுத்து, "என்ன, தூக்கம் வரலையா?" என்றதற்கு, "சாப்பாடு ஒத்துக்கிடல. நீ தூங்கு" என்று சொல்லியிருக்கிறார். விடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். இவை எல்லாம் பின்னால் அவரே சொன்னவை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு பெரிய வலியாக வராமல், ஒரு சாதாரண அசௌகரியம் போல வரக்கூடும். அவருக்குச் சர்க்கரை பன்னிரண்டு வருஷமாக இருந்தது. அதை அவர் எங்கள் குழுவில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணிக்கு மேல்தளத்தில் பலகாரம் எடுக்கும் வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால் நின்றவர், தட்டோடு அப்படியே சரிந்தார். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அந்த நிலையில் அவர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. பின்னால வரிசை நிக்குது பாருங்க."

ஒலிபெருக்கியில் 'ஆல்ஃபா' என்ற சொல்லும் தளத்தின் எண்ணும் ஒலித்தன. பல கப்பல்களில் அவசர வைத்தியத்துக்கு அதுதான் குறிச்சொல். நாலைந்து நிமிஷத்துக்குள் டாக்டரும் இரண்டு நர்ஸுகளும் வந்துவிட்டார்கள். அவரைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டு போனார்கள். கப்பலின் ஆஸ்பத்திரி என்பது சில கட்டில்களும், பிராண வாயுவும், ஈ.ஸி.ஜி. யந்திரமும், நின்ற இதயத்தை அதிர்ச்சி கொடுத்து எழுப்பும் கருவியும் உள்ள ஒரு சின்ன இடம். முதல் உதவிக்கும் அதற்குக் கொஞ்சம் மேலுக்கும் போதும். இதய ரத்தக் குழாயைத் திறக்கும் சிகிச்சைக்குக் கரைக்குத்தான் போக வேண்டும். ஈ.ஸி.ஜி.யைப் பார்த்த டாக்டர், "வலி எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ராத்திரி ஒரு மணி" என்றார். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மௌனத்தைப் போல ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் மூன்று மணி நேரத்துக்குள் போனால் பலன் மிக அதிகம். பன்னிரண்டு மணி வரைக்கும் ஓரளவு பலன் உண்டு. அவர் எட்டு மணி நேரத்தைத் தொந்தரவு கொடுக்காமல் கழித்துவிட்டார்.

இதற்குள் கப்பலின் மேலிடத்தில் வேறு யோசனைகள் நடந்தன. திரும்பிக் கிள்ளானுக்குப் போவதா, முன்னால் பினாங்குக்கே போவதா? தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஹெலிகாப்டரை வரவழைத்தால், நெஞ்சு நோவுக்காரரைக் கம்பியில் கட்டித் தூக்க வேண்டும். அதுவே ஓர் ஆபத்து. பினாங்குக்கே வேகமாகப் போவது என்று காப்டன் தீர்மானித்தார். கரையில் இருக்கும் வைத்தியர்களோடு கம்பியில்லாத் தந்தி மூலம் ஆலோசிக்கும் ஏற்பாடு உலகில் வெகு நாளாக இருக்கிறது. ரோமாபுரியில் குயிதோ குயிதா என்ற டாக்டர் 1935-ல் இதற்கென்றே ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். ரேடியோவின் தந்தை என்று சொல்லப்படும் மார்க்கோனிதான் அதன் முதல் தலைவர். நடுக்கடலில் டாக்டர் இல்லாமல் தவிக்கும் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்க விட்டாலும் சரி, காசு வாங்காமல் அது யோசனை சொல்லுகிறது. மனிதன் சண்டைக்கு மட்டும்தான் கடலைத் தாண்டினான் என்று நினைக்கிறவர்கள் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டு, பகல் ஒரு மணிக்கே பினாங்கைச் சேர்ந்தது. காரணம் தெரிந்தவர்கள் 'அடடா' என்றார்கள். தெரியாதவர்கள் சந்தோஷப்பட்டார்கள். தெரிந்தவர்களும் 'அடடா'வுக்குப் பிறகு கொஞ்சம் சந்தோஷப்பட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் சுற்ற ஒரு மணி நேரம் அதிகம் கிடைத்ததல்லவா?

கீழ்த்தளத்தில் கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்தது. துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்ட்ரெச்சரில் அண்ணாச்சி. பக்கத்தில் ஒரு மஞ்சள் பையும், அவசரத்தில் பூட்டாமல் கட்டிய பெட்டியுமாக அந்த அம்மாள். அவளுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. மகன் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்து சேர இரண்டு நாளாவது ஆகும். சுற்றுலா வழிகாட்டி நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு மிச்சம் 30 பேர் இருந்தார்கள். "ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துப்பாங்கம்மா" என்று அவன் சொன்னான். குழுவில் ஏழெட்டுப் பேர் அங்கே வந்து நின்றிருந்தோம். அந்த அம்மாள் எங்களை ஒரு தடவை பார்த்தாள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவளும் அவருடைய மனைவிதானே! நாற்பது வருஷம் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்து பழகியவள்.

அவள் கேட்காததை நாங்கள் எல்லோரும் கேட்டோம். கேட்டுவிட்டுக் கேட்காதது போல நின்றோம். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். ஒருவர், "தைரியமா இருங்கம்மா" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். இங்கே இறங்கினால் புக்கெட் போயிற்று. கட்டிய பணம் போயிற்று. ஊர் திரும்ப வேறு டிக்கெட் வாங்க வேண்டும். விசாவைச் சாக்காகச் சொல்லலாமா என்று பார்த்தேன். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை விசா இல்லாமலே 30 நாள் தங்க மலேசியா அனுமதித்து வந்தது. அந்தச் சாக்கும் உதவவில்லை.

என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"நாம் என்ன செய்ய முடியும்? நமக்கு மலாய் தெரியுமா?" என்றேன் மெதுவாக.

"மலாய் எதற்கு? பக்கத்தில் உட்காரத் தெரிந்தால் போதும்" என்றாள் அவள். "நான் அந்த அம்மாவோட வண்டியில போறேன். நீங்க மேலே போய்ச் சாமானை எடுத்துக்கிட்டு, பாஸ்போர்ட் விஷயத்தைக் கேட்டு முடிச்சுக்கிட்டு வாங்க."

அவள் போய்விட்டாள். நான் எங்கள் அறைக்குப் போனேன். அங்கே நடந்ததை இதுவரை அவளிடம் சொன்னதில்லை. இரண்டு பெட்டிகளை அடுக்க ஐந்து நிமிஷம் போதும். நான் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். வழிகாட்டிப் பையன் வந்து கதவைத் தட்டி, "ஸார், நீங்க வர வேண்டாம், வேறு ஏற்பாடு ஆகிவிட்டது" என்று சொல்லமாட்டானா என்று என் காது கதவிலேயே இருந்தது. அவன் வரவில்லை. இருபத்தைந்து வருஷமாக மனிதாபிமானத்தைப் பற்றி எழுதிச் சம்பாதித்தவன் அந்தக் கால் மணி நேரத்தில் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் நாலு பேர் என்னைப் பாராட்டினார்கள், "முன்பின் தெரியாதவர்களுக்காக இறங்கிவிட்டீர்களாமே!" என்று. இறங்கியவள் அவள். நான் இறக்கப்பட்டவன்.

டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரியைச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். என் மனைவி எங்கள் கிரெடிட் கார்டைக் கொடுத்து முன்பணம் கட்டியிருந்தாள். ஒரு நர்ஸ் காகிதத்தை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டாள். அங்கே நர்ஸை 'மிஸ்ஸி' என்கிறார்கள். இந்த மிஸ்ஸி தமிழ்ப் பெண். "முன்பே ஏதாவது நோய் உண்டா?" என்று கேட்டாள். "சர்க்கரை இருக்கு தாயி. பன்னிரண்டு வருஷம். மாத்திரை இந்தா" என்று அந்த அம்மாள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து, பிரயாண இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் போன் செய்தேன். அவர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள். விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறதே என்றார்கள். அண்ணாச்சிதான் எழுதியிருக்கிறார். உண்மையை எழுதினால் தவணை கூடும், மகனுக்கு வீண் செலவு என்று எண்ணி எழுதியிருக்கிறார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒரு பொய் சொன்னால் சில லட்சம் ரூபாய் மிஞ்சலாம். அவள் சொன்னாள்: "டாக்டரம்மாகிட்ட ஒண்ணு, இவங்ககிட்ட ஒண்ணு சொல்ல முடியுமா தம்பி? உள்ளதைச் சொல்லுங்க. அவுக மறைச்சு மறைச்சுத்தான் இங்கே வந்து கிடக்காக."

உள்ளதைச் சொன்னேன். செலவில் பெரும்பகுதி கடைசியில் மகன் கையிலிருந்துதான் போயிற்று. தவணையில் மிச்சம் பிடித்தது சில ஆயிரம்.

அன்று சாயங்காலம் ரத்தக் குழாயைத் திறந்து, 'ஸ்டென்ட்' என்னும் வலைக்குழாயை வைத்தார்கள். "பிழைத்துக்கொள்ளுவார், ஆனால் இதயத்தின் ஒரு பகுதி போனது போனதுதான்" என்றார் டாக்டர். ராத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூரத்தில் எங்கள் கப்பல் ஆயிரம் விளக்குகளோடு நகர்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதனைக் குப்பைக் கூடை மாதிரி இறக்கி வைத்துவிட்டு, பாட்டும் கூத்துமாகப் போகிறதே என்று நினைத்தேன்.

மிஸ்ஸி வந்து பக்கத்தில் நின்றாள். அவளுடைய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இதே பினாங்கில் வந்து இறங்கியவராம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் அந்தக் காலத்தில் 'ரஜூலா' போன்ற கப்பல்கள் இங்கே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கின. நோய் இருக்கிறதா என்று பார்க்க, துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள ஜெரெஜாக் என்ற தீவில் தடுத்து வைப்பது வழக்கம். "தாத்தா கப்பல்லயே ஜுரத்துல படுத்துட்டாராம். பக்கத்துப் பாயில இருந்த ஒரு குடும்பம்தான் கஞ்சி கொடுத்துச்சாம். யாரு எவருன்னு கேக்கலையாம். அவங்க பொண்ணைத்தான் பிறகு தாத்தா கட்டிக்கிட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாள். "தொந்தரவுன்னு பாத்திருந்தா நான் பிறந்திருக்க மாட்டேன், ஐயா."

ஊருக்கு வந்த பிறகு, அந்தக் கப்பல் செய்தது சரியா தவறா என்ற கேள்வி என்னை விடவில்லை. புத்தகங்களைத் தேடிப் படித்தேன். பிரான்ஸின் மேற்குக் கரைக்கு அருகில் ஒலெரோன் என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் பெயரால் வழங்கும் கடற்சட்டத் தொகுப்பு ஒன்று மத்திய காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களில் பெரிதும் மதிக்கப்பட்டது. அதில் நோய்ப்பட்ட மாலுமியைப் பற்றி ஒரு விதி உண்டு. கப்பல் தலைவன் அவனைக் கரையில் இறக்கித் தங்க இடம் கொடுக்க வேண்டும். வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி கொடுக்க வேண்டும். கப்பலில் வேலை செய்யும் ஒரு பையனை அவனுக்குத் துணையாக விட வேண்டும். இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். கப்பலில் அவனுக்குக் கிடைத்த சாப்பாடு கரையிலும் கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறது ஒரு வாக்கியம்: கப்பல் புறப்படத் தயாராகிவிட்டால், அவனுக்காக அது காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் படித்தபோது இரக்கமில்லாத சட்டம் என்று தோன்றியது. மறுபடி படித்தபோது, இதைவிட இரக்கமான சட்டம் இருக்க முடியாது என்று பட்டது. ஊர் முழுவதும் நின்றுவிட வேண்டும் என்று அது கேட்கவில்லை. காற்றும் அலையும் யாருக்காகவும் நிற்பதில்லை என்று அறிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. ஆனால் இருட்டில் தனியாக ஒருவனையும் விடாதே என்கிறது. ஒரு விளக்கு, ஓர் ஆள், அவ்வளவுதான். கப்பல் போகலாம்; ஒருவராவது இறங்க வேண்டும். என் கோபம் கப்பல் மேல் வந்தது தப்பு. கப்பல் நிற்கவில்லை என்று கோபித்துக்கொள்ளுவது, நான் இறங்கத் தயங்கியதை மறக்க ஒரு நல்ல வழி.

பழைய விதியின் ஆவி இன்றும் போய்விடவில்லை. 2006-ல் உருவாகி 2013-ல் அமலுக்கு வந்த கடல் தொழிலாளர் உடன்படிக்கை, நூறு பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு மூன்று நாளைக்கு மேற்பட்ட சர்வதேசப் பிரயாணம் செய்யும் கப்பலில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும் என்கிறது. கப்பலில் வேலை செய்கிறவன் நோயில் விழுந்தால் செலவு முதலாளியுடையது. விசித்திரம் என்னவென்றால், அதே கப்பலில் பணம் கொடுத்துப் போகிற பிரயாணியின் வைத்தியச் செலவு அவனுடையதே. தட்டுக் கழுவுகிற பையனுக்கு இருக்கும் பாதுகாப்பு, தட்டில் சாப்பிடுகிற துரைக்கு இல்லை! கப்பல் டாக்டர் பிழை செய்தால் கம்பெனி பொறுப்பல்ல என்றே அமெரிக்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் தீர்ப்பளித்து வந்தன. 2014-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பழைய விதியை ஏற்க மறுத்தது. 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்பதிலிருந்து 'சம்பந்தம் உண்டு' என்பதற்குச் சட்டம்கூட மெல்ல மெல்ல நகருகிறது. மனசு நகருவதற்கு என்ன?

மூன்றாம் நாள் காலையில் அண்ணாச்சி என்னைக் கிட்டே கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. "தம்பி, உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன்" என்றார்.

"அண்ணாச்சி, நீங்கள் கொடுத்தது பற்றாது. ராத்திரி ஒரு மணிக்கே கொடுத்திருக்க வேண்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்: "பக்கத்துல ஒருத்தி படுத்திருக்காளேன்னு தோணலையே உங்களுக்கு. நான் யாரு, அந்நியமா?"

அந்தக் கேள்வியில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. பிறருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று ஒருவன் உறுதி பூணும்போது, பிறர் எல்லோரையும் அந்நியராக்கிவிடுகிறான். உதவி செய்யும் உரிமையை அவர்களிடமிருந்து பறித்துக்கொள்ளுகிறான். அடக்கம் மாதிரித் தோன்றும் இதற்குள் ஓர் அகம்பாவமும் ஒளிந்திருக்கிறது: 'நான் யாருக்கும் கடன்படமாட்டேன்.' கணக்கு எழுதி எழுதிப் பழகிய கை, அன்பையும் பற்று வரவாக எழுதிப் பார்க்கிறது. ஆனால் கொடுக்காத தொந்தரவு கரைந்து போய்விடுவதில்லை. வட்டியோடு சேர்ந்து வேறொரு நாளில் வருகிறது. ஒரு மணிக்கு விளக்கைப் போட்டிருந்தால் ஒருத்தியின் தூக்கம் கெட்டிருக்கும். போடாததால் ஒரு கப்பலே அவசரமாக ஓடியது. இரண்டு குடும்பங்களின் பிரயாணம் முறிந்தது. ஒரு மகன் பாதி உலகத்தைச் சுற்றிக்கொண்டு பதறி ஓடி வந்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொந்தரவு கொடுக்கமாட்டேன் என்கிறவர்கள் நிறைந்த சமூகத்தில், தொந்தரவு எடுத்துக்கொள்ள யாருக்கும் பழக்கம் இருக்காது. கப்பலின் கதவருகே ஏழெட்டுப் பேர் நின்றோமே, நாங்கள் கொடியவர்களா? இல்லை. எல்லோரும் அவரவர் தொந்தரவை அவரவர் பார்த்துக்கொள்ளும் நல்லவர்கள். அந்த நல்லதனம்தான் எங்கள் காலைக் கட்டியது. கப்பல்களில் ரத்த வங்கி கிடையாது. யாருக்காவது அவசரமாக ரத்தம் வேண்டுமானால், இன்ன வகை ரத்தம் உள்ளவர்கள் வாருங்கள் என்று பிரயாணிகளையும் ஊழியர்களையும் கேட்டு வாங்கி ஏற்றுவது உண்டு. கேட்டால் வருகிறார்கள். உல்லாசத்துக்கென்று வந்தவர்கள் எழுந்து வந்து கையை நீட்டுகிறார்கள். அந்த அம்மாள் எங்களில் ஒருவரைக் கைகாட்டி, "நீங்க வாங்க" என்று சொல்லியிருந்தால் நானே போயிருப்பேன் என்றுதான் இப்போதும் நம்புகிறேன். கேட்கத் தெரிவதும் ஒரு தர்மம். அது எதிராளிக்கு மனிதனாக இருக்க ஒரு சந்தர்ப்பம் தருகிறது.

அப்படியானால் எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டலாமா என்று கேட்பீர்கள். கூடாது. காப்பியில் சர்க்கரை குறைந்ததற்காக வீட்டையே எழுப்புகிறவரை நான் ஆதரிக்கவில்லை. சௌகரியத்துக்காகக் கொடுப்பது தொந்தரவு. உயிருக்காகக் கொடுப்பது தகவல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், முதலாவதைக் கொடுக்கக் கொஞ்சமும் கூசாத நாம், இரண்டாவதைக் கொடுக்கத்தான் கூசுகிறோம்.

ஆகவே வெளிதேசம் போகிறவர்களுக்கு, போகாதவர்களுக்கும்தான், நான் சொல்லுவது சொற்பம். விண்ணப்பத்தில் உள்ள நோயை உள்ளபடி எழுதுங்கள். சாப்பிடும் மருந்துகளின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கூட வருகிறவர் கையில் கொடுத்து வையுங்கள். நெஞ்சை அடைத்தால் நேரத்தையும் காசையும் பார்க்காதீர்கள். பக்கத்து மேஜைக்காரர் ஒரு துறைமுகத்தில் தனியாக நின்றால், உங்கள் அறைக்குப் போய்ச் சட்டையை மடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

நான் திருந்திவிட்டேனா? போன மாதம் ஒரு நாள், ராத்திரி இரண்டு மணிக்கு, இடது மார்பில் ஏதோ பிடித்தது. எழுந்து உட்கார்ந்தேன். பழைய புத்தி, 'பேசாமல் படு. விடிந்து பார்த்துக்கொள்ளலாம்' என்றது. ஒரு நிமிஷம் இருட்டில் இருந்தேன். பிறகு மனைவியைத் தொட்டு எழுப்பினேன்.

"விளக்கைப் போடு" என்றேன்.

டாக்டரிடம் போய்ப் பார்த்ததில் அது வெறும் வாயு. திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ராத்திரி சாப்பிட்ட உருளைக்கிழங்குப் போண்டாவின் கணக்கும் அதில் வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அவள் திட்டுவதைக் கேட்பது எனக்கு அன்று மிகவும் ஆறுதலாக இருந்தது.